இரண்டு பெட்டிச் சுருட்டும் ஒரு தற்காலிக நாக்கும்

வளையக்காரருக்குச் சுருட்டு ஆகாது. பதினாறு வருடமாகச் சுருட்டுத் தொழிற்சாலையில்தான் வேலை, ஆனால் ஒன்றைக்கூடப் பற்றவைத்துப் பார்த்தவரில்லை. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பக்கத்து வீட்டில் அடுப்பு புகைந்தால் இவர் வீட்டில் இருமல் கேட்கும். சுருட்டின் இடுப்பில் தங்க நிறக் காகித வளையத்தைச் சுற்றி, நுனியில் பசை தடவி ஒட்டுவது அவர் வேலை. எழுத்து நடுவில் வர வேண்டும், பசை வெளியே பிதுங்கக் கூடாது, வளையம் கோணக் கூடாது. இந்த மூன்றிலும் அவரை யாரும் குறை சொன்னதில்லை. வேறு எதற்காகவும் அவரை யாரும் கவனித்ததுமில்லை.

வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சோறு போட்டது அதே தொழிற்சாலைதான். மனைவி கைமேசைக் கூடத்தில் இலை சுருட்டுகிறவள். அங்கே நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, 'மகுடம்' என்ற உயர்ரகச் சுருட்டைக் கையால் சுருட்டினார்கள். மனைவியின் தம்பி பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக வந்த இயந்திரக் கூடத்தில் இருந்தான். அங்கே பதினாலு பேர் சேர்ந்து 'புது மகுடம்' செய்யப் பழகிக்கொண்டிருந்தார்கள். இலைக் கலவையும் புதிது, சுருட்டும் முறையும் புதிது என்று நிறுவனம் நாலு பக்கத்துக்கு அறிக்கை விட்டிருந்தது. இரண்டு கூடத்தையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, ஒன்றைத்தான் வைத்துக்கொள்வோம் என்பது அறிக்கையின் கடைசி வரி. எந்தக் கூடம் என்பதை உயர்தரச் சுருட்டுச் சுவைஞர் பேரவை தீர்மானிக்கும்.

பேரவையின் முத்திரை இல்லாத சுருட்டைப் பெரிய கடைகள் அலமாரியில் ஏற்றாது. அதனால் பேரவை இருமினால் தொழிற்சாலைக்குக் காய்ச்சல் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலாளர் வளையக்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினாறு வருடத்தில் அந்தக் கதவை உள்பக்கத்திலிருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குப் பேரவைக் கூட்டம். ரெண்டு பெட்டி போகணும். ஒண்ணு மகுடம், ஒண்ணு புது மகுடம். விற்பனை அதிகாரி போக வேண்டியது. அவருக்குத் திடீர்னு பல்வலி. பேரவைச் செயலாளர் ஒரு பல் டாக்டர், அதனால அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேங்கிறார். நீ போய்ட்டு வந்துரு."

"சரிங்க சார். ஆனா இயந்திரம் நின்னு பதினொரு நாளாச்சே. புது மகுடம் ஒண்ணுகூட இல்லையே."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். கைமேசையிலேருந்தே ரெண்டு பெட்டிக்கும் எடு. ஒண்ணுக்குப் பழைய வளையம் ஒட்டு, இன்னொண்ணுக்குப் புது வளையம் ஒட்டு."

வளையக்காரருக்குப் புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே சார். அவங்க எப்படி வித்தியாசம் சொல்வாங்க?"

மேலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் சொல்லிருவாங்கப்பா."

சாயங்காலம் அவர் தன் மனைவியின் மேசையிலிருந்தே ஐம்பது சுருட்டுகளை எடுத்து, இருபத்தைந்துக்கு ஒரு வளையமும் மற்ற இருபத்தைந்துக்கு வேறு வளையமும் ஒட்டினார். எல்லாம் ஒரே கை சுருட்டியவை, ஒரே கூடை இலை. பெட்டியில் அடுக்கும்போது எது எது என்று அவருக்கே வளையத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டில் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வாரமாகியிருந்தது. எந்தக் கூடம் நிலைத்தாலும் இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும். அதனால் இருவரும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். நடுவில் இருந்த சுவர் வளையக்காரர்.

"மாமா, நாளைக்கு அங்க போறப்ப புதுசைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க. பதினாலு குடும்பம்," என்றான் மச்சினன்.

"ஏங்க, நாப்பது பெருசா பதினாலு பெருசான்னு உங்க மச்சினனைக் கேளுங்க," என்றாள் மனைவி.

"நான் பெட்டியைக் குடுத்துட்டு வந்துருவேன். என்னை யாரு கேக்கப் போறா?" என்றார் வளையக்காரர். இரண்டு பேருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. அன்று மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பேரவை ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வளையக்காரர் வாசலில் பெட்டிகளை நீட்டிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். நெஞ்சில் வெள்ளி மணி மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட்டிருந்த மனிதர் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் ஈரப்பதக் காப்பாளர். இந்த அறையோட ஈரப்பதம் எப்பவும் அறுபத்தொன்பது. கதவு ஒரு தடவை திறந்தா அறுபத்தாறு. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. ஏழாவது விதி."

"ஐயா, நான் பெட்டி குடுக்க வந்தவன்."

"பெட்டியும் வெளிய போகக் கூடாது. அதுவும் ஏழாவது விதிதான்."

"ஒருவேளை பாத்ரூம்..."

"உள்ளயே இருக்கு." பேரவை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தது, வெளியே போவதைத் தவிர.

அறையில் இருபத்திரண்டு உறுப்பினர்கள் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் சட்டத்தோடு ஆணியடிக்கப்பட்டு, கண்ணாடிக்கு மேல் பச்சை வண்ணம் பூசப்பட்டிருந்தன. மேடையில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் செயலாளரான பல் டாக்டர். கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார் வளையக்காரர்.

முதலில், போன வருடம் உற்பத்தி நிறுத்தப்பட்ட மூன்று சுருட்டு வகைகளுக்காக எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்புறம் நம்ம பொருளாளர் போன மாசம் காலமாயிட்டார்," என்றார் செயலாளர் காகிதத்தைப் பார்த்து. "அதை அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே! வெளிய ஜனங்க என்னென்னமோ பிரச்சினைன்னு பேசிக்கிறாங்க. தண்ணி வரல, பஸ் வரல. அதெல்லாம் இருக்கறவங்களுக்கு இருக்கற பிரச்சினை. ஆனா ஒரு சுருட்டோட உள் இலையைச் சொல்லாம கொள்ளாம மாத்துறாங்கன்னா, அந்தச் சமூகம் எங்க போய்க்கிட்டிருக்கு? நாம பாரபட்சமில்லாம விசாரிப்போம். என்ன முடிவுக்கு வரணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணினவங்களும் பாரபட்சமில்லாம விசாரிக்கணும்னு கேட்டுக்கறேன்."

கைதட்டல் அடங்கியதும் உறுப்பினர்களுக்கு இடது கையில் ஒரு சுருட்டும் வலது கையில் ஒரு சுருட்டும் கொடுக்கப்பட்டன. இடது மகுடம், வலது புது மகுடம். இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் பற்றவைத்தார்கள். ஆணியடித்த ஜன்னல்களுக்கு நடுவே புகை மெல்ல எழுந்து, போக வழி தெரியாமல் வளையக்காரர் தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் இரும ஆரம்பித்தார்.

"நல்லது, புலன் விழிக்குது," என்றார் ஈரப்பதக் காப்பாளர் முதுகைத் தட்டி.

முதலில் செயலாளர் எழுந்தார். இடது சுருட்டை இழுத்துக் கண்ணை மூடினார். "இது... மழைக்கு அப்புறம் காயுற பழைய தோல் பை. பள்ளிக்கூட மேசையோட அடிப்பலகை. கொஞ்சம் மிளகு. கடைசியில ஒரு மன்னிப்பு." பிறகு வலதை இழுத்தார். முகம் சுருங்கிப் போனது. "செத்துப் போச்சு! இதுல மனுஷக் கையே படலை. இரும்பு வாசனை அடிக்குது, எண்ணெய் வாசனை அடிக்குது. இத்தனை வருஷத்துல என் மனைவி எவ்வளவோ மாறிட்டா, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா இதைப் பொறுத்துக்க முடியாது!"

அவர் இரும்பு வாசனை அடிப்பதாகச் சொன்ன சுருட்டைச் சுருட்டியவள் முந்தின நாள் ஜுரத்தோடு உட்கார்ந்து சுருட்டினாள் என்பது வளையக்காரருக்குத் தெரியும். அவள் அவருடைய மனைவி.

எதிர்வரிசையிலிருந்து பேராசிரியர் துள்ளி எழுந்தார். வேதியியலோ வரலாறோ, அவர் எதற்குப் பேராசிரியர் என்று யாரும் கேட்டதில்லை. "செயலாளர் உணர்ச்சிவசப்படறார். வலதுல இருக்கற ஒழுங்கைக் கவனிங்க. ஒவ்வொரு இழுப்பும் அளந்து வச்ச மாதிரி. இயந்திரத்தால மட்டும்தான் இப்படிச் சுருட்ட முடியும். இடதைப் பாருங்க, கையால பண்ணின அலட்சியம் அப்படியே தெரியுது. அந்தப் பொம்பளைங்க அரட்டை அடிச்சுக்கிட்டே சுருட்டியிருக்காங்க. எனக்கு நாக்குல அரட்டையே தெரியுது."

அறை இரண்டாகப் பிளந்தது. பழமை அணியினர் இடப்பக்க நாற்காலிகளுக்கும் புதுமை அணியினர் வலப்பக்க நாற்காலிகளுக்கும் இடம் மாறினார்கள். சாம்பல் நீளத்தைப் பித்தளை அளவுகோலால் அளந்து எழுதினார்கள். இடதின் சாம்பல் அரை விரற்கடை அதிகம் என்று ஒருவர் சொல்ல, வலதின் சாம்பலை அவர் தட்டிவிட்டார் என்று இன்னொருவர் சொல்ல, தட்டிவிட்டாரா தானே விழுந்ததா என்பதற்கு முக்கால் மணி நேரம் போனது. கடிகாரம் இரண்டரையைத் தாண்டியது. பிஸ்கெட் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் வளையக்காரர் அதைத் தொடவில்லை.

மூச்சு இறுகிக்கொண்டு வந்தது. இவர்கள் ஒரு முடிவுக்கு வராமல் கதவு திறக்காது, முடிவுக்கு வந்தாலோ வீட்டில் ஒரு அடுப்பு அணையும். உண்மையைச் சொல்லிவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு விஷயம். அந்த ரெண்டு சுருட்டும் ஒண்ணுதான்."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பேசறதுக்கு முன்னாடி நீலச் சீட்டு எழுதிக் குடுக்கணும்."

நீலச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் 'தலைப்பு' என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். 'உண்மை' என்று எழுதினார். அந்தத் தலைப்பு இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று மறுபடி திருப்பினார்கள். கடைசியில் 'பிற' என்று எழுதியதும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று பேர் கொண்ட துணைக்குழு ஒன்று அவரை ஒரு மூலைக்கு அழைத்துப் போய் விசாரித்தது. பேராசிரியர்தான் கேட்டார்.

"நீங்க சுருட்டு குடிப்பீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"ஒரு தடவைகூட?"

"இல்லைங்க."

"அப்ப ரெண்டும் ஒண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"நான்தானே ஐயா பெட்டியில வச்சேன். ரெண்டும் ஒரே மேசையிலேருந்து எடுத்தேன். வளையம் மட்டும்தான் வேற. அதையும் நான்தான் ஒட்டினேன்."

"பெட்டியில வச்சது கை. ருசிக்கிறது நாக்கு," என்றார் பேராசிரியர் பொறுமையாக. "கைக்குத் தெரிஞ்சதை நாக்குக்குச் சாட்சியா எடுத்துக்க முடியாது."

துணைக்குழு திரும்பி வந்து, 'இரண்டு சுருட்டும் ஒன்றே என்ற ஒரு கருத்து பெறப்பட்டது' என்று அறிவித்தது. தலைவர் அதை வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரவு யாருமில்லை. எதிர்ப்பு இருபத்திரண்டு. அன்று பழமை அணியும் புதுமை அணியும் ஒன்றாகக் கை தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

"உண்மைக்கு இந்தப் பேரவையில எப்பவும் மரியாதை உண்டு," என்றார் தலைவர் வளையக்காரரைப் பார்த்து. "ஆனா நடைமுறை முடிஞ்சதும்தான் அதோட முறை வரும். உக்காருங்க."

வளையக்காரர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது?

நாலரை மணிக்குப் பிரதான வாக்கெடுப்பு நடந்தது. மகுடத்துக்குப் பதினொன்று, புது மகுடத்துக்குப் பதினொன்று. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். சமநிலை வந்தால் தலைவர் வாக்கு முடிவு.

தலைவர் நாற்காலியில் நெளிந்தார். "இதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வராதுன்னு நினைச்சேன். எனக்கு மோப்ப சக்தி போய் நாலு வருஷமாச்சு. ருசியும் அதோடயே போச்சு. அதனாலதான் என்னால இவ்வளவு நடுநிலைமையா இருக்க முடிஞ்சுது."

யாருக்கும் அதில் அதிர்ச்சி இல்லை. அவருடைய நேர்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு செயலாளர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். தலைவரால் இயலாதபோது, எந்தச் சுருட்டும் தீண்டாத தூய நாக்கு ஒன்று அறைக்குள் இருக்குமானால், அதைத் தற்காலிகச் சுவைஞராக நியமித்து அதன் வாக்கைப் பெற வேண்டும்.

இருபத்திரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"ஐயா, எனக்கு இளைப்பு," என்றார் வளையக்காரர்.

"பேராசிரியரே, குறிச்சுக்கங்க, தூய நாக்குதான்," என்றார் செயலாளர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரும் பேராசிரியரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள்.

வளையக்காரரை மேடைக்கு முன்னால் நிற்கவைத்து, வெள்ளைத் துணியால் நாக்கைத் துடைக்கச் சொல்லி, சத்தியம் வாங்கினார்கள். "என் நாக்கு என்னுடையதல்ல. பேரவையுடையது. அது சொல்வதை நான் மறைக்க மாட்டேன்." அவர் வரி வரியாகத் திருப்பிச் சொன்னார். பிறகு இரண்டு சுருட்டும் ஒரு பென்சிலும் இரண்டு கட்டம் போட்ட சீட்டும் கொடுத்தார்கள்.

முதல் இழுப்பில் நெஞ்சுக்குள் யாரோ கம்பளியைத் திணித்த மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. 'நெகிழ்கிறார்' என்று யாரோ எழுதிக்கொண்டார்கள். வலது சுருட்டை இழுத்தார். அதே கம்பளிதான். சீட்டைப் பார்த்தார். இடது கட்டத்தில் குறி போட்டால் மச்சினன் வேலை போகும். அவன் போன மாதம்தான் வேலை நிரந்தரம் என்று நம்பி ஒரு பெண் வீட்டில் பேசிவிட்டு வந்திருந்தான். வலது கட்டத்தில் போட்டால் மனைவியும் அவளோடு முப்பத்தொன்பது பேரும் இலைக் கறை படிந்த விரல்களோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த விரல்களை வேறு எந்த வேலைக்கும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பென்சில் நுனி இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்ததும், இரண்டு கட்டத்திலும் குறி போட்டுச் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டார்.

தலைவர் பிரித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "செல்லாத வாக்கு," என்றார்.

அந்த நிலைமைக்கும் விதி இருந்தது. செல்லாத வாக்குப் போட்ட தற்காலிகச் சுவைஞர், செல்லும் வாக்கைப் போடும்வரை பொறுப்பிலிருந்து விலக முடியாது. கூட்டம் ஒரு மாதம் ஒத்திவைக்கப்பட வேண்டும். அதுவரை தொழிற்சாலையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது: கூடம் மூடக் கூடாது, ஆளை நிறுத்தக் கூடாது, இலையைக்கூட இடம் மாற்றக் கூடாது. ஒத்திவைப்பது தீர்ப்பாகுமா, ஆகாவிட்டால் கதவைத் திறக்கலாமா என்று இன்னும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அதை 'இடைக்காலத் தீர்ப்பு' என்று அழைக்க ஈரப்பதக் காப்பாளர் மனமில்லாமல் ஒப்புக்கொண்டு சாவியை எடுத்தார்.

படியில் இறங்கி நடைபாதையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் வளையக்காரருக்கு விஷயம் உறைத்தது. ஒரு மாதத்துக்கு யார் வேலையும் போகாது.

திங்கட்கிழமை மேலாளர் தாண்டிக் குதித்தார். "என்னய்யா பண்ணிட்டு வந்திருக்கே? ரெண்டு கூடத்தையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அடுத்த மாசம் ஒழுங்கா ஒண்ணுல போட்டுட்டு வா."

"எதுல சார்?"

"எதுலயாவது! உன் நாக்கு என்ன சொல்லுதோ அதுல."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

பெட்டி விவகாரம் வெளியே வந்தால் முதலில் போவது மேலாளருடைய நாற்காலி. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கு முன், சனிக்கிழமை ராத்திரியே, வீட்டில் அக்காவும் தம்பியும் சேர்ந்து வளையக்காரரை வாசலிலேயே மறித்துக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னார். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு மாசாமாசம் போகப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"போகலைன்னா வேற தூய நாக்கைப் புடிச்சுருவாங்க. அவன் எதுல போடுவானோ?"

அவள் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கிக் கொல்லைக் கொடியில் போட்டாள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

இப்படியாக மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் கதவு பூட்டப்பட்டது. மூன்றாவது மாதம் இயந்திரம் சரியாகிவிட்டது. ஆனால் தீர்ப்பு வரும்வரை எந்த மாற்றமும் கூடாது என்பதால் அதை ஓட்ட முடியவில்லை. பதினாலு பேரும் தினமும் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். பேரவைக்குப் போகும் இரண்டு பெட்டியும் கைமேசையிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. நாலாவது மாதம் வைத்தியர், "இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா நான் பொறுப்பில்லை," என்று சொல்லிவிட்டு, எந்தச் சுருட்டு நல்லது என்றும் தாழ்ந்த குரலில் கேட்டார். ஐந்தாவது மாதம் பேரவையில் வளையக்காரருக்கென்று ஒரு தோல் நாற்காலி வந்தது. ஆறாவது மாதம் 'தற்காலிக' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் குறி போடும் அவருடைய பிடிவாதத்தை 'மூன்றாவது சிந்தனை' என்று பேராசிரியர் ஒரு கட்டுரையில் புகழ்ந்திருந்தார். பழமை, புதுமை என்ற இரண்டு அணியிலிருந்தும் இரண்டிரண்டு பேராக நாலு பேர் பிரிந்து அவர் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டும் ஒன்று என்று அவர்கள் நம்பவில்லை. இரண்டும் வேறு வேறு, ஆனால் சமமாக வேறு என்பது அவர்கள் கட்சி.

எட்டாவது கூட்டம் மற்றக் கூட்டங்களைப் போலத்தான் ஆரம்பித்தது. காப்பாளர் பூட்டினார், தலைவர் செருமினார், சாம்பலை அளந்தார்கள். வளையக்காரர் தன் நாற்காலியில் சாய்ந்து இடது சுருட்டைப் பற்றவைத்தார். இப்போதெல்லாம் இருமல் முன்போல உடனே வருவதில்லை. புகையை வாயில் நிறுத்தினார். விட்டார். வலதைப் பற்றவைத்தார்.

கை அப்படியே நின்றது.

மறுபடி இடதை இழுத்தார். அதில் ஏதோ ஒன்று இருந்தது. மெல்லிசாக, நாக்கின் ஓரத்தில், நனைந்த மரப்பலகை மாதிரி. வலதில் அது இல்லை. அன்று காலையில் ஒரே மேசையிலிருந்து ஐம்பதையும் தன் கையால் எடுத்ததை அவர் நினைவுபடுத்திக்கொண்டார். அத்தனை வளையத்தையும் ஒட்டியவர் அவர்தான். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மனதுக்குள் மூன்று தடவை சொன்னார். இன்னொரு தடவை இழுத்தார். மரப்பலகை அங்கேயே இருந்தது.

"என்ன வளையக்காரரே, வழக்கம்போலத்தானா?" என்றார் செயலாளர் பக்கத்தில் குனிந்து.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இடதுல... கொஞ்சம் ஈர மரம் மாதிரி ஏதோ இருக்கு," என்று வந்தது.

அறை முழுக்க எழுந்து நின்றது. தலைவர் கைதட்டினார். ஈரப்பதக் காப்பாளர் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார். சீட்டும் பென்சிலும் வந்தன. எல்லார் கண்ணும் அந்தப் பென்சில் நுனியில் இருந்தது. எண்ணெய்க் கறைச் சட்டையோடு மச்சினன் நிற்பது போல ஒரு கணம் தெரிந்தது. வளையக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டத்திலும் குறி போட்டார். எவ்வளவு பார்த்துப் போட்டும் இடது கட்டத்துக் குறி கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் விவாதிப்பது என்று முடிவு செய்தார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம். மனைவி கையைக் கழுவிவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன் பெண் வீட்டாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். வளையக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவில் நின்றார்.

"இந்த வாரம் இலையில ஏதாவது மாத்துனியா?"

"இல்லையே. ஏன்?"

"பாதிச் சுருட்டுக்கு ஒரு இலை, பாதிக்கு வேற இலை, அப்படி ஏதாவது?"

"எல்லாம் ஒரே கூடைதான். காலையில நீங்கதானே வந்து எடுத்துக்கிட்டுப் போனீங்க."

அவள் தன் தம்பியைப் பார்த்தாள். தம்பி பேனாவை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"அவசரப்படாத," என்றார் வளையக்காரர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து. "நல்லா யோசிச்சுச் சொல்லு."